வலப்பக்கத்தையும் அளந்தேன்

ஏப்ரல் 3, வியாழன்

காலையில் காபி வாயில் நிற்கவில்லை. இடது ஓரமாக வழிந்து நைட்டியில் கொட்டியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து இன்னொரு மடக்கு குடித்தேன், அதுவும் கொட்டியது. கண்ணாடியில் பார்த்தால் இடப்பக்க முகம் வேலைநிறுத்தம் செய்கிறது. புருவம் ஏறவில்லை, இமை மூடவில்லை, வாய் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது.

என் வீட்டுக்காரர் ரோமால்டு துறைமுகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் கூட்டிப் போனார். பக்கவாதம் இல்லையாம், முக நரம்பு வீங்கியிருக்கிறதாம். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் கோணல் தங்கிவிடும் என்றார் டாக்டர். எந்தச் சிலருக்கு என்று கேட்டேன். அதை இப்போது சொல்ல முடியாதாம். முகத்துக்குப் பயிற்சி சொல்லித்தந்த பெண்தான் எது என்றைக்கு அசைந்தது என்று எழுதி வைக்கச் சொன்னாள். அதற்காகத்தான் இந்த நோட்டு. வேறு எதற்கும் இல்லை.

புருவம் இல்லை. இமை இல்லை. உதடு இல்லை.

ஏப்ரல் 5, சனி

மாமியார் ஒரு புறாவை வாங்கி வந்து அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார். அதன் ரத்தத்தைச் சூடாக முகத்தில் தடவினால் நரம்பு இளகுமாம்.

"மாமி, நான் உயிரியல் படிக்கேன்" என்றேன்.

"படிச்சி என்னத்தக் கண்ட? அந்தச் செத்த மீன் மண்டைய நோண்டி நோண்டித்தான் காத்து அடிச்சிருக்கு" என்றார்.

மீன் இல்லை, ஓங்கல், அதாவது டால்பின். அது நம்மைப் போல பால் கொடுக்கிற சாதி என்று ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது. பெட்டியை மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டேன். புறா போகாமல் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து என்னையே பார்த்தது. கையை ஓங்கி விரட்டினேன்.

இமை மூடாததால் கண்ணில் தண்ணீர் வருகிறது. அழுகை இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

முகக்கவசம் போட்டுக்கொண்டு கல்லூரியில் எங்கள் துறைக்குப் போனேன். வாசல் செக்யூரிட்டி பேர் கேட்டார். பிலோமினா என்று சொல்லப் போனால் "ஹிலோனினா" என்று வந்தது. ப, ம இரண்டும் உதடு சேராமல் வராது. திரும்பச் சொல்லச் சொன்னார். முப்பத்தெட்டு வயதில் என் பேரை நானே சொல்ல முடியாமல் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். எரிச்சலாக இருந்தது.

மண்டையோடுகள் இருக்கிற அறைக்குள் போனதும்தான் மூச்சு வந்தது. அங்கே யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. கரை ஒதுங்கிச் செத்த ஓங்கல்களை வனத்துறை மணலில் புதைக்கும். சதை மக்கிய பிறகு அனுமதி வாங்கித் தோண்டி, ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து அடுக்குவோம். அந்த நாற்றத்தோடு பஸ்ஸில் போனால் எப்போதும் எனக்கு உட்கார இடம் கிடைக்கும்.

என் ஆய்வு பல்லுள்ள திமிங்கிலங்களின் மண்டையைப் பற்றியது. ஓங்கலும் அந்த இனம்தான். அவற்றின் மூதாதைகள் கரையில் நடந்தவை, மூக்கு முகத்தின் முனையில் இருந்தது. கடலுக்குள் போனபின் மூக்குத்துளை மெல்ல மெல்ல உச்சந்தலைக்கு ஏறியது. மேல்தாடை எலும்பு பின்னால் நீண்டு நெற்றியின் மேல் படர்ந்தது. பிறகு அவை மூக்கால் சத்தம் எழுப்பி, எதிரொலி கேட்டு இரை தேடக் கற்றுக்கொண்டன. அங்கிருந்துதான் வேடிக்கை. மூக்கெலும்புகள் நடுவை விட்டு இடப்பக்கம் ஒதுங்கின, வலப்பக்கம் பெருத்தது. இப்படிக் கோணத் தொடங்கி மூன்று கோடி வருஷம் ஆகிறது. சத்தத்தால் இரை தேடாத சல்லடைத் திமிங்கிலத்துக்கு மண்டை இன்னும் நேராகத்தான் இருக்கிறது. எங்கள் கரையில் ஒதுங்குகிற, முதுகுத் துடுப்பில்லாத சின்ன ஓங்கலுக்கு லேசான கோணல். ஆழத்தில் இரை தேடுகிற குள்ள எண்ணெய்த் திமிங்கிலத்தின் மண்டையைப் பார்த்தால் யாரோ மிதித்துவிட்டார்கள் என்றே தோன்றும்.

ஜூனியர் பெண் சங்கரகோமதி என் முகத்தையும் மேசையில் இருந்த மண்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க..."

"எடுத்துக்குவேன். சொல்லாத" என்றேன்.

ஓங்கலுடையது வேலை செய்கிற கோணல். என்னுடையது வேலை செய்யாத கோணல். இரண்டையும் சேர்த்து இனி யாராவது கவிதை பேசினால் அறைந்துவிடுவேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

குற்றாலிங்கம் சாரைப் பார்த்தேன். என் ஆய்வுக்கு வழிகாட்டி, துறைத் தலைவர். ஜூன் 30 ஓய்வு. மே 28 என் கருத்தரங்கு. எல்லார் முன்னாலும் பேசி முடித்தபின் சார் கையெழுத்துப் போட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். ஜூன் தாண்டினால் வேறு வழிகாட்டி தேட வேண்டும், ஒரு வருஷம் போய்விடும்.

"என்னம்மா பிலோமி, இப்படி ஆயிட்டு" என்று எழுந்தே வந்துவிட்டார். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்ட்ரா போட்டு இளநீர் வாங்கிக் கொடுத்தார். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, முப்பத்துமூன்று வயதில் வந்து நின்றபோது மற்ற எல்லாரும் கையை விரித்தார்கள். இந்த மனிதர்தான் சேர்த்துக்கொண்டார். அதை நான் மறக்கவில்லை.

ஆய்வேட்டின் கடைசி அதிகாரத்தில், அஞ்சாவதில், ஒரு சிக்கல் என்றேன். இருபது வருஷத்துக்கு முன்பு சார் அளந்த அதே மண்டைகளை நான் வெர்னியர் அளவியால் திரும்ப அளந்தால், அகலம் எனக்கு எப்போதும் கூடுதலாக வருகிறது.

"வெர்னியரு தேஞ்சிருக்கும். புதுசு வாங்கு" என்றார்.

இவ்வளவு நாளும் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. குருத்தோலையைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

புது வெர்னியர். பழைய வித்தியாசம் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கோயிலுக்குப் போனேன். முகக்கவசம் போடவில்லை. புழுக்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அறிந்தவர் அறியாதவர் எல்லாரும் என் கன்னத்தைப் பார்த்து "சரியாயிரும்" என்றார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, ரோமால்டைக் காட்டி, "பாவம், அவுகளுக்குத்தான் கஷ்டம்" என்றாள். அவருக்கு என்ன கஷ்டம், அவருக்கு வாய் நேராகத்தானே இருக்கிறது?

கேக் நன்றாக வந்திருந்தது. வலப்பக்கமாக மென்று இரண்டு துண்டு தின்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

சாரிடம் சும்மாதான் கேட்டேன், அந்தக் காலத்தில் எப்படி அளந்தீர்கள் என்று. சார் உற்சாகமாகிவிட்டார்.

"நாங்க மீன் ஆளுங்கம்மா. மீனு எப்படியோ அப்படித்தான். இடப்பக்கம் பாத்து வச்சி, நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் அளந்து, ரெண்டால பெருக்கிப் போட்டுருவோம். மளமளன்னு வேலை ஓடும்."

எங்கள் துறையில் முதல் நாள் சொல்லித்தருகிற பாடமே அதுதான். மீனைத் தலை இடப்பக்கம் இருக்கும்படி வை, உன்னைப் பார்த்திருக்கிற இடப்பக்கத்தை மட்டும் அள, மறுபக்கத்தைத் தொடாதே. மீனுக்கு அது சரிதான், இரண்டு பக்கமும் ஒன்று. ஓங்கலுக்கு நடுக்கோடே இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இடப்பாதி சின்னது. சின்னப் பாதியை இரண்டால் பெருக்கினால் ஒடுக்கமான மண்டைதானே வரும்?

அந்த ஒடுக்கத்தை வைத்துத்தான் சார் நம் கரைக்கென்று ஒரு தனி வகையே இருப்பதாக எழுதினார். 'ஒடுக்குமண்டை ஓங்கல்.' துறை வாசலில் போர்டு இருக்கிறது. வருஷா வருஷம் அடிக்கிற காலண்டரில் படம் இருக்கிறது. அப்படி ஒரு வகையே கடலில் இல்லை.

சாரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. காபி கொண்டுவரச் சொன்னார், குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஒரு வாரமாக எல்லா மண்டையையும் இரண்டு பக்கமும் அளந்தோம். நான் அளக்க, கோமதி எழுதினாள். ஒன்றுகூட ஒடுக்கமில்லை. அஞ்சாம் அதிகாரத்தைத் திருத்தி எழுதி சார் மேசையில் வைத்துவிட்டேன். அவர் பேரைச் சொல்லவில்லை, 'முந்தைய அளவுகள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். நேர்மையான மனிதர், புரிந்துகொள்வார்.

புருவம் லேசாகத் துடித்தது. கண்ணாடி முன்னால் நின்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். பிள்ளையின் யூனிஃபார்ம் ஊறவைத்தது மறந்தே போனது.

மே 5, திங்கள்

சார் கூப்பிட்டார். இளநீர் இல்லை.

"உனக்கு இருக்க உடம்புக்கு இவ்வளவு சிரமம் எதுக்கும்மா? பேச்சும் தெளியல. நாலு பேரு முன்னால போயி நின்னா உனக்குத்தான் சங்கடம். கோமதி வாசிக்கட்டும், நீ பக்கத்துல உக்காரு. நாலு அதிகாரம் போதும். அஞ்சாவத எடுத்துரு."

நல்ல மனதோடுதான் சொல்கிறார். என் நிலைமையைப் பார்த்து மனம் இளகியிருக்கிறார். யோசிக்கிறேன் சார் என்றேன்.

மே 6, செவ்வாய்

நல்ல மனதாம். என் வாய்க் கோணலைச் சாக்காக வைத்து என் அதிகாரத்தைத் தின்னப் பார்க்கிறார். பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் உறைத்தது. கோபத்தில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மே 9, வெள்ளி

ரோமால்டிடம் சொன்னேன். மனிதர் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஒரு அதிகாரம்தான? எடுத்துட்டு டாக்டர் பட்டத்த வாங்கு. பெறவு எழுதிக்கோயேன். யாரு கேக்கா?"

"பெறவு எழுதினா சாரப் பாத்து பயந்து பொத்தி வச்சிருந்தேன்னுல்லா ஆகும்?"

"அஞ்சு வருஷம் பிலோமி. அஞ்சு வருஷமா அந்த நாத்தத்தோட வீட்டுக்கு வார. நான் ஒரு வார்த்த சொல்லிருக்கேனா? இன்னும் ஒரு வருஷம்னா என்னால முடியாதுட்டி."

சொன்னதில்லைதான். அதனாலேயே கத்தினேன்.

"எம் முகம் போனதுக்கு ஊரே துக்கம் விசாரிக்க வருது. அந்த அதிகாரம் போனா ஒருத்தராவது வருவாகளா?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. இமை இப்போது ஓரளவு மூடுகிறது. அதனால் இது அழுகைதான்.

மே 19, திங்கள்

கோமதி நாலு அதிகாரத்தை வாசித்துப் பழகுகிறாள். சாரின் உத்தரவு. பாவம், என் முகத்தைப் பார்க்காமலே வாசித்தாள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்பது வேறு விஷயம்.

மே 24, சனி

இடது வாயோரத்தை ஒரு விரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டால் ப வருகிறது. ம-வும் வருகிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "பல்லுள்ள திமிங்கிலம், பல்லுள்ள திமிங்கிலம்" என்று சொல்லிப் பழகினேன். மாமி வெளியே நின்று செபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மே 27, செவ்வாய்

கருத்தரங்கு வைப்பவர்தான் வந்தவர்களுக்குத் தின்னவும் குடிக்கவும் கொடுக்க வேண்டும், பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். அது வழக்கம். மக்ரூன், மிக்சர், காபி சொல்லியாகிவிட்டது. பொன்னாடையும் வாங்கியாகிவிட்டது, சாருக்குக் கொஞ்சம் நல்லதாக. கோமதியிடம் போனில் சொன்னேன், நாளைக்கு நீ வாசிக்க வேண்டாம் என்று.

"அப்பாடா" என்றாள்.

மே 28, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. பேச ஆள் மாறியது பற்றிச் சாருக்கு நான் மேடையேறிய பிறகுதான் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்தார். என் ஆய்வுக் குழுவில் இருக்கிற டாக்டர் ஜுலைகா சாருக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் வேறு கல்லூரி. நான் விரலால் வாயோரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்தேன். சிரிப்பு நின்றது, தொடர்ந்தேன்.

நாலாம் அதிகாரம் முடிந்ததும் சார் கையைத் தூக்கினார்.

"நேரம் ஆயிட்டும்மா. முடிச்சிக்கோ."

"இன்னும் ஒரு அதிகாரம் இருக்கு சார்."

"அதான் எடுத்தாச்சே."

"நான் எடுக்கல சார்."

ஜுலைகா மேடம், "பேசட்டும் சார், கேப்போம்" என்றார்.

பேசினேன். மீனை எப்படி அளப்போம், ஓங்கலை அப்படி அளந்தால் என்ன ஆகும், எல்லாம் சொன்னேன். சார் பேரைச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் போர்டு இருக்கும்போது யாருக்குத் தெரியாது? சார் எழுந்தார், முகம் சிவந்திருந்தது.

"அந்த அளவு என்னோடது. நான் முப்பது வருஷமா வெர்னியர் பிடிக்கிறவன். இவ அளந்ததுதான் தப்பு. இங்க கொண்டா."

என்னை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தத்தான் வந்தார். நான் மேசையில் காட்டுவதற்கு வைத்திருந்த ஓங்கல் மண்டையையும் வெர்னியரையும் அவர் கையில் கொடுத்தேன். வழக்கம்போல இடப்பக்கம் தன்னைப் பார்க்க வைத்து அளந்தார், எண்ணைச் சொன்னார், கோமதி பலகையில் எழுதினாள். பிறகு மண்டையைத் திருப்பினார். அளந்தார். எண்ணைச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரும்ப அளந்தார். மூன்றாம் தடவையும் அளந்தார்.

அப்போது அவர் என்ன எண் சொல்லியிருந்தாலும் அரங்கம் நம்பியிருக்கும். வெர்னியரில் எந்தக் கோடு என்று வேறு யாரும் பார்க்கவில்லை. சார் உள்ள எண்ணைச் சொன்னார், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. கோமதி எழுதினாள். வலப்பக்கம் பெரிது.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. நான் கீழே இறங்கி அவருக்குப் பொன்னாடை போர்த்தினேன்.

எல்லாரும் மக்ரூன் தின்றுகொண்டிருந்தபோது தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அளவு வேற, கையெழுத்து வேறம்மா. எம் பேர அழிக்கிற ஏட்டுல நானே எப்படிப் போடுவேன்? எனக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. போர்டு இருக்கும்போதே வீட்டுக்குப் போயிருதேன். அஞ்சாவத எடு, நாளைக்கே போட்டுத்தாரேன்."

இவ்வளவு நடந்த பிறகும் கேட்கிறார். ஆனால் இந்தத் தடவை இளநீர், உடம்பு, சிரமம் என்ற பேச்சே இல்லை. எனக்காக என்று சொல்லவில்லை, தனக்காக என்றே கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அழுகையாகவும் வந்தது.

"எடுக்க மாட்டேன் சார்."

"ஒரு வருஷம் போயிரும்."

"போட்டும் சார்."

மே 29, வியாழன்

வீட்டில் சொன்னேன். மாலையில் ரோமால்டு மீதி மிக்சரைக் கிண்ணத்தில் போட்டு எனக்கும் ஒன்று கொண்டு வந்து வைத்தார்.

"ஒரு வருஷம்னா ஒரு வருஷந்தான, ரெண்டு இல்லல்லா?"

"ஒண்ணுதான்."

"சோப்ப மட்டும் மாத்து. அந்த வாட போக மாட்டேங்கு."

ஜூன் 14, சனி

உதடு அசைகிறது, ஆனால் பாதிதான். பயிற்சிப் பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, இனிமேல் பெரிதாக மாறாது என்று மெதுவாகச் சொன்னாள். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன். எல்லாத் துணியையும் துவைத்தேன், துவைத்து மடித்து வைத்திருந்ததையும் சேர்த்து.

ஜூன் 30, திங்கள்

சாருக்கு வழியனுப்பு விழா. போனேன். என்னைச் சேர்த்துக்கொண்டவர் அவர். வாசலில் போர்டு இன்னும் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ஜுலைகா மேடம் வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்துவிட்டார். புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், புது அடையாள அட்டை, அதற்குப் போட்டோ. ரோமால்டோடு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

எடுத்து முடித்ததும் அந்தத் தம்பி கம்ப்யூட்டரில் எதையோ தட்டினான். "இப்பப் பாருங்கக்கா" என்றான். திரையில் ஒருத்தி இருந்தாள். நேரான வாய், நேரான கண், கொஞ்சம் ஒடுக்கமான முகம். அழகாகத்தான் இருந்தாள்.

"யாருப்பா இது?"

"நீங்கதான்க்கா. நல்ல பக்கத்த அப்படியே திருப்பி அந்தப் பக்கம் ஒட்டிட்டேன். கோணல் போயிட்டுல்லா? இதுக்குத் தனியா காசெல்லாம் வேண்டாம்."

ரோமால்டு திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அழிச்சிரு தம்பி. எடுத்தத எடுத்தபடி போடு."

"அக்கா, கார்டுல வருஷக்கணக்கா இருக்கும்."

"இருக்கட்டும்."

அவனுக்கு மனசே வரவில்லை. "அப்பம் திரும்ப எடுக்கேன். சிரிக்காம உக்காருங்க. சிரிச்சாத்தான் கோணல் ரொம்பத் தெரியுது."

திரும்பப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். முந்தானையைச் சரிசெய்தேன். வாயோரத்துக்குப் போன விரலை மடியில் வைத்துக்கொண்டேன்.

"சிரிக்கத்தான் போறேன். எடு" என்றேன்.

சிரித்தேன். வலப்பக்கம் காது வரைக்கும் போனது, இடப்பக்கம் அதனால் முடிந்த வரைக்கும் வந்தது. நாலு காப்பி போதும் என்றான். பதினாறு போடச் சொன்னேன்.